பயந்து நின்ற பாதிரியார்



கோவா டிரிப் பிளான் போடாத இன்ஜினியரிங் பேட்ச் எங்கேயாவது உண்டா? வாட்ஸ்ஆப்பில் குரூப் ஆரம்பித்து, பேர் வைத்து, டிபி மாற்றி, கடைசியில் வீட்டில் பர்மிஷன் கிடைக்காமல் அந்த குரூப் அப்படியே தூங்கும். ஒருவேளை நீங்கள் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டால், பனாஜியில் மாண்டோவி ஆற்றங்கரைப் பக்கம், பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தை ஒட்டி ஒரு சிலை நிற்கும். நீளமான அங்கி போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். அவர் முன்னால் ஒரு பெண் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருப்பார்.

முதல் தடவை பார்க்கிறவங்க ஏதோ மந்திரவாதி, பேய்ப் படத்து வில்லன் என்றுதான் நினைப்பாங்க. நானும் போட்டோவில் பார்த்தபோது அப்படித்தான் நினைத்தேன். அவர் ஒரு பாதிரியார். பெயர் அபே ஃபாரியா. அபே என்றால் பிரெஞ்சில் பாதிரியாருக்குச் சொல்லும் மரியாதைப் பெயர், நம்ம ஊரில் ஃபாதர் என்கிற மாதிரி. ஹிப்னாடிசம் என்று இன்றைக்கு நாம் சொல்லும் விஷயத்தில் ஒரு முக்கியமான உண்மையை உலகத்துக்கு முதலில் அழுத்திச் சொன்ன ஆள், நம்ம இந்தியக்காரர்.

இவரைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் கண்டாச்சிபுரம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் வருஷம் கிளாஸில் செமினார் எடுக்கச் சொன்னார்கள். முதல் ஸ்லைடு வந்ததும் கை ஜில்லென்று ஆனது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் பல ராத்திரி தூக்கம் இல்லை. படுத்தால் அந்த இரண்டு நிமிஷம் திரும்பத் திரும்ப ஓடும். எங்க ஆயா, புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கான் என்று வேப்பிலை அடித்து மந்திரிச்சு விட்டாங்க. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ஏன் தூங்கினேன் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது இந்த கோவாக்காரர் கதையில்தான்.

உங்களில் எத்தனை பேருக்கு வைவாவுக்கு முந்தின ராத்திரி மூளை நிற்காமல் ஓடுகிறது? எத்தனை பேர் பிளேஸ்மென்ட் ஜி.டி.யில் வாயைத் திறக்கும் முன்பே வியர்த்துப் போகிறீர்கள்? அப்படியென்றால் இவர் உங்களுக்கும் வேண்டியவர்தான்.

காண்டோலிம் பையன்

ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா. இதுதான் முழுப் பெயர். 1756 மே மாதக் கடைசியில் கோவாவின் காண்டோலிம் ஊரில் பிறந்தார். ஆமாம், இன்றைக்கு நம்ம பசங்க பீச் பார்க்கப் போகிற அதே காண்டோலிம். அப்போது கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. முன்னோர்கள் சாரஸ்வத பிராமணக் குடும்பம், பிறகு கிறித்தவர்களானவர்கள். வீட்டில் பேசியது கொங்கணி.

வீட்டு நிலைமை கொஞ்சம் வித்தியாசமானது. அப்பா கயெத்தானோ வித்தோரினோ பாதிரியாராக ஆசைப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தவர், நடுவில் விட்டுவிட்டு ரோசா மரியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. திருச்சபையின் அனுமதியோடு பிரிந்தார்கள். அப்பா விட்ட படிப்பைத் தொடர்ந்து பாதிரியாரானார். அம்மா பழைய கோவாவில் சாந்தா மோனிகா மடத்தில் கன்னியாஸ்திரீயாகச் சேர்ந்தார். பையன் அப்பாவோடு வந்துவிட்டான்.

1771-இல், பையனுக்கு 15 வயது இருக்கும்போது, அப்பாவும் மகனும் கப்பலேறி லிஸ்பன் போனார்கள். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பல மாதம் கடலிலேயே போக வேண்டும். அங்கிருந்து ரோம். போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் படிப்பு. 1780-இல் குருப்பட்டம், இறையியலில் டாக்டர் பட்டம் எல்லாம் வாங்கினார். போப்பாண்டவர் ஆறாம் பயஸ் முன்னிலையில் சிஸ்டைன் சேப்பலில் பிரசங்கம் செய்யும் வாய்ப்பு வரைக்கும் போனார். கோவாவின் ஒரு ஓரத்தில் இருந்து கிளம்பிய பையனுக்கு இது எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

மேடையில் உறைந்த நாள்

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடம். இது கோவாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் சம்பவம்.

ரோமில் இருந்து லிஸ்பன் திரும்பிய ஃபாரியாவை, ராணி முதலாம் மரியாவின் அரண்மனைத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். கீழே ராணி, பிரபுக்கள், பெரிய பெரிய குருமார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர்கள். மேலே பிரசங்க மேடையில் நம்ம ஆள் ஒருத்தர். காலனி நாட்டுக்காரர் என்று ஏளனமாகப் பார்க்கும் கண்கள் அதில் எத்தனையோ. மேடை ஏறினார், கூட்டத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மனப்பாடம் செய்தது எல்லாம் காணாமல் போனது. வாய் கட்டிவிட்டது.

மேடைக்குக் கீழே அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லிய குரலில், கொங்கணியில், இவர்கள் எல்லாரும் வெறும் காய்கறிதான், காயை நறுக்குகிற மாதிரி நறுக்கிப் போட்டுக்கொண்டே போ என்ற பொருளில் ஒரு வரி முணுமுணுத்தார். அங்கே இருந்த யாருக்கும் அந்த மொழி தெரியாது. மகனுக்கு மட்டும் தெரியும். அந்த நொடியில் பயம் விட்டுப் போனது. பிரசங்கம் தடையில்லாமல் வந்து விழுந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அப்பா செய்தது என்ன? மருந்து கொடுக்கவில்லை. தைரியமாக இரு என்று உபதேசம் செய்யவும் இல்லை. அம்மா சமையல்கட்டில் கேட்ட மொழியில் ஒரு சின்னப் படத்தை மகன் மனசுக்குள் வைத்தார். ராணியும் பிரபுக்களும் இருந்த இடத்தில் முட்டைக்கோசும் பூசணிக்காயும் வந்து உட்கார்ந்துவிட்டன. கூட்டம் அதே கூட்டம்தான். மாறியது மகனின் மனசு மட்டும். வெளியே இருந்து வந்த ஒரு வார்த்தை உள்ளே போய் உடம்பையே மாற்றிவிட முடியும் என்றால், அந்த சக்தி வார்த்தையில் இருக்கிறதா, கேட்டவனிடம் இருக்கிறதா? ஃபாரியா பின்னாளில் இந்தக் கேள்விக்குத்தான் தன் வாழ்க்கையைக் கொடுத்தார்.

பாரிஸுக்குப் போன காரணம்

லிஸ்பனில் அவர் ரொம்ப நாள் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1787-இல் கோவாவில் போர்ச்சுகீசிய ஆட்சியைக் கவிழ்க்க ஒரு திட்டம் வெளிப்பட்டது. பிந்தோ சதி என்று வரலாற்றில் பெயர். பதவி உயர்வில் உள்ளூர்ப் பாதிரியார்களை ஒதுக்கியதில் இருந்த கோபம் அதன் பின்னால் இருந்தது. பலர் கைதானார்கள், சிலருக்கு மரண தண்டனை. சந்தேகம் லிஸ்பனில் இருந்த அப்பா மேலும் விழுந்தது. 1788-இல் மகன் பாரிஸுக்குப் போய்விட்டார்.

போன நேரம் பாருங்கள். அடுத்த வருஷமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நம்ம ஆள் வேடிக்கை பார்க்கிற ரகம் இல்லை. 1795 அக்டோபரில் அன்றைய ஆட்சிக்கு எதிராகப் பாரிஸில் நடந்த கிளர்ச்சியில் கலந்துகொண்டார். அதைப் பீரங்கி வைத்து அடக்கிய இளம் ராணுவ அதிகாரியின் பெயர் நெப்போலியன் போனபார்ட். இந்தப் பாரிஸில்தான் ஃபாரியாவுக்குக் காந்த வைத்தியம் அறிமுகமானது.

காந்தமா, கற்பனையா?

ஃபாரியா செய்ததன் மதிப்பு புரிய, அவருக்கு முன்னால் நடந்தது தெரிய வேண்டும். இது நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்குப் பிடிக்கும்.

1778-இல் ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் என்ற டாக்டர் வியன்னாவில் இருந்து பாரிஸ் வந்தார். எல்லா உயிருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், என் கையால் அதைச் சரிசெய்வேன் என்றார். பெரிய மரத்தொட்டி, அதில் இருந்து நீட்டிய இரும்புக் கம்பிகள், சுற்றி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்ட நோயாளிகள். சிலர் துடித்தார்கள், சிலர் அழுதார்கள், சிலருக்கு நோய் விட்டது. பாரிஸே பைத்தியமாக அலைந்தது.

1784-இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் யார் யார் தெரியுமா? பட்டம் விட்டு மின்னலைச் சோதித்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த லவாய்சியர், பின்னால் தலை வெட்டும் கருவிக்குத் தன் பெயரைக் கொடுக்க நேர்ந்த டாக்டர் கில்லட்டின். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். பையன் மயங்கி விழுந்தான். ஆனால் காந்தம் ஏற்றாத மரத்தடியில்! காந்தம் ஏற்றிய மரம் எங்கேயோ தள்ளி நின்றது.

சோதிக்கப்படுபவருக்கு எது உண்மை என்று தெரியாமல் சோதிப்பது, இன்றைக்கு மருந்துக் கம்பெனிகள் வரை பயன்படுத்தும் முறை. அதன் ஆரம்பகால உதாரணம் இது. குழுவின் முடிவு, காந்தத் திரவம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை என்பதுதான். ஃபைலை மூடிவிட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பையன் மயங்கியது நிஜம். வெறும் கற்பனை ஒரு உடம்பைக் கீழே தள்ளும் என்றால், அந்தக் கற்பனையைத்தான் முதலில் ஆராய வேண்டும். அதைக் குழு ஆராயவில்லை. அதே 1784-இல் மெஸ்மரின் மாணவர் புய்செகூர் பிரபு, தன் ஊர் விவசாயி ஒருவருக்குச் சிகிச்சை செய்தபோது, துடிப்பு எதுவும் இல்லாமல் அவர் அமைதியாகத் தூங்குவதைப் பார்த்தார். தூங்கிக்கொண்டே பேசினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். புய்செகூரிடம் இருந்துதான் ஃபாரியா இந்த வித்தையைக் கற்றார். ஆனால் குரு சொன்ன விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை.

அறிதுயில்

ஃபாரியா 1811-இல் மார்செய் நகரப் பள்ளியில் தத்துவப் பேராசிரியரானார். அங்கே இருந்த மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருஷம் நீம் நகரத்துக்கு மாற்றினார்கள். அது பிடிக்காமல் 1813-இல் பாரிஸ் திரும்பி, கிளிஷி தெருவில் 49-ஆம் எண் கட்டடத்தில் பொதுமக்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். கட்டணம் ஐந்து பிராங்க்.

அவர் முறை ரொம்ப சிம்பிள். தொட்டி இல்லை, கம்பி இல்லை, கையைத் தடவி விடுவது இல்லை. வந்தவரை வசதியாக நாற்காலியில் உட்காரச் சொல்வார். கண்ணை மூடி, மனசை ஒருமுகப்படுத்தி, தூக்கத்தை மட்டும் நினைக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து அமைதியாக, ஆனால் உறுதியான குரலில், தூங்கு என்று ஒரே வார்த்தை. அதில் வராதவர்களுக்குத் தன் உள்ளங்கையைக் காட்டி, அதையே பார்க்கச் சொல்லி, மெதுவாக முகத்துக்கு அருகே கொண்டு வருவார். சிலர் தூங்கினார்கள், சிலர் தூங்கவே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

அந்தத் தூக்கத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள் தெளிவுள்ள தூக்கம். தமிழில் இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அறிதுயில். அறிந்துகொண்டே துயில்வது. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலையில், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்த கோயிலில், அரங்கநாதர் படுத்திருக்கிறாரே, அந்தப் படுக்கைக்கு நம்ம பெரியவங்க சொன்ன வார்த்தை. கண் மூடியிருக்கும், உலகத்தில் நடப்பது தெரியும். ஹிப்னாடிசத்துக்கு நம்ம ஆட்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மனோவசியம் என்ற சொல்தான் ஆளைக் குழப்பிவிடுகிறது. வசியம் என்றால் யாரோ நம்மைப் பிடித்துக்கொள்கிறார் என்று பயம் வரும். அறிதுயில் என்றால், துயில்வதும் நான்தான், அறிவதும் நான்தான்.

ஃபாரியாவின் கண்டுபிடிப்பும் இதுவேதான். தூங்க வைப்பவர் கையில் இருந்து எந்தத் திரவமும் பாய்வதில்லை. அவருக்கு விசேஷ சக்தி கிடையாது. தூக்கம் வருவது தூங்குபவரின் சொந்த மனசில் இருந்து, அவருடைய நம்பிக்கையாலும் ஒருமுகப்பட்ட கவனத்தாலும். கூட இருப்பவர் வழிகாட்டி மட்டுமே. அந்த நிலையில் சொல்லப்படும் வார்த்தை உடம்பில் வேலை செய்வதையும், விழித்த பிறகும் அதன் பலன் தொடர்வதையும் அவர் கவனித்து எழுதினார்.

யோசித்துப் பாருங்கள், ஐந்து பிராங்க் வாங்கிக்கொண்டு மேடையில் நிற்கும் ஒருவர், என்னிடம் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்கிறார்! வியாபாரம் தெரிந்த எவனாவது அப்படிச் சொல்வானா?

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மட்டும் சீக்கிரம் தூக்கம் வருவது ஏன் என்ற கேள்விக்கு, அவர்கள் ரத்தம் நீர்த்துப் போயிருப்பதே காரணம் என்றார். அது தப்பு. 200 வருஷத்துக்கு முந்தைய மருத்துவம் அவ்வளவுதான். ஆனால் அடிப்படையில் அவர் கை வைத்த இடம் சரி.

பல்பு வாங்கிய கதை

ஊர் அவரை விடவில்லை. மூன்று பக்கம் இருந்து அடி விழுந்தது. காந்தத் திரவத்தை நம்பியவர்களுக்கு, திரவமே இல்லை என்று சொன்னதால் கோபம். திருச்சபையில் சிலருக்கு, ஒரு பாதிரியார் பிசாசு வேலை செய்கிறார் என்று கோபம். படித்தவர்களுக்கு இவர் ஒரு காமெடி பீஸ். எழுத்தாளர் ஷத்தோபிரியான் தன் நினைவுக் குறிப்புகளில் இவரைக் கிண்டல் செய்திருக்கிறார். ஒரு விருந்தில் சின்னப் பறவை ஒன்றைத் தன் சக்தியால் வீழ்த்துவதாகச் சொல்லி, கடைசியில் பறவைதான் ஜெயித்தது என்று எழுதினார். நம்ம பாஷையில் சொன்னால் செம பல்பு.

1816-இல் நிலைமை மோசமானது. காந்தப் பித்து என்ற பொருளில் பெயர் வைத்து, இவரைக் கேலி செய்யும் நாடகம் பாரிஸில் மேடையேறியது. இன்னொரு பக்கம், ஒரு நடிகர் இவர் வகுப்புக்கு வந்து, தூங்கிவிட்டது போல நடித்து, திடீரென்று கண்ணைத் திறந்து, இவர் ஒரு ஏமாற்றுக்காரர் என்று சபையில் அறிவித்தார். இன்றைக்கு என்றால் அது ரீல்ஸ் ஆகி, ட்ரோல் பேஜ் எல்லாம் ஓடியிருக்கும். அன்றைக்கும் அதே கதைதான். கூட்டம் நின்றுபோனது. வருமானம் போனது.

ராணி முன்னால் ஒரு நாள் உறைந்து நின்றவரை, இப்போது பாரிஸ் நகரமே பார்த்துச் சிரித்தது. அப்பாவும் கூட இல்லை. அவர் என்ன செய்தார்? வகுப்பை மூடினார். ஒரு கன்னியர் மடத்தில் சிறிய குரு வேலையில் சேர்ந்து, உட்கார்ந்து எழுதினார். தெளிவுள்ள தூக்கத்தின் காரணம் பற்றிய அந்தப் புத்தகத்தின் முதல் பாகம் மட்டும் 1819-இல் வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 20 அன்று, 63 வயதில், பாரிஸில் இறந்துபோனார். அவரைப் புதைத்த இடத்தில் ஒரு பெயர்க்கல் கூட இல்லை.

செத்த பிறகு ஜெயித்தவர்

கால் நூற்றாண்டு கழித்து அலெக்சாந்தர் தூமா, தி கவுண்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ நாவலில் சிறையில் கதாநாயகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அறிவாளிப் பாதிரியாருக்கு அபே ஃபாரியா என்று பெயர் வைத்தார். நாவலில் அவர் இத்தாலிக்காரர். பெயரை எடுத்துக்கொண்டார்கள், ஆளை விட்டுவிட்டார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கற்பனை ஃபாரியாவைத்தான் தெரியும்.

விஞ்ஞானம் கொஞ்சம் மெதுவாக வந்து சேர்ந்தது. 1843-இல் ஸ்காட்லாந்து டாக்டர் ஜேம்ஸ் பிரெய்ட் எழுதிய புத்தகத்தால் ஹிப்னாடிசம் என்ற பெயர் பரவியது. அவரும் திரவத்தை மறுத்தார். அதே காலத்தில் நம்ம நாட்டில், வங்காளத்தின் ஹூக்ளியில், ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் 1845 முதல் மயக்க மருந்து இல்லாமல், இந்தத் தூக்கத்தை வைத்தே பெரிய ஆபரேஷன்கள் செய்தார். சீக்கிரமே ஈதரும் குளோரோஃபார்மும் வந்து அதை ஓரங்கட்டின. பிறகு பிரான்சின் நான்சி நகரத்தில் லியெபோவும் பெர்ன்ஹைமும், இதில் வேலை செய்வது மனசுக்குள் விதைக்கப்படும் கருத்துதான் என்று நிறுவினார்கள். இதை முதலில் சொன்னது ஃபாரியா என்று பெர்ன்ஹைம் மனம் திறந்து ஒத்துக்கொண்டார். அங்கே 1889-இல் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் சிக்மண்ட் பிராய்ட். 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஹிப்னாடிசத்தைப் பயனுள்ள சிகிச்சை முறையாக ஏற்றது. பனாஜி சிலை 1945-இல் வைக்கப்பட்டது. செதுக்கியவர் கோவா சிற்பி ராமச்சந்திர பாண்டுரங்க காமத்.

சரி, நமக்கு என்ன?

ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கண்ணை மூடி, ஒரே விஷயத்தில் கவனத்தைக் குவித்து, நாளைக்கு நான் சொதப்பப் போகிறேன் என்று திரும்பத் திரும்ப நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். எக்ஸ்டர்னல் முகம் வரைக்கும் படமாக ஓட்டிப் பார்க்கிறோம். உடம்பும் அதை நம்பி, இப்போதே வியர்க்கிறது. கவனம், நம்பிக்கை, வார்த்தை, படம். ஃபாரியா சொன்ன சாமான் எல்லாம் இதில் இருக்கிறதே! நாம் தினமும் நம்மை நாமே ஹிப்னாடைஸ் செய்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனால் தப்பான திசையில்.

இன்றைக்கு ஹிப்னோதெரபி செய்யும் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அந்தத் திசையைத் திருப்பத்தான் உதவுகிறார். வசதியாக உட்கார வைத்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, கை கால்களைத் தளர்த்தி, கவனத்தை ஒரு இடத்தில் குவிக்க வைப்பார். உடம்பு அமைதியான பிறகு, நீங்கள் பயப்படும் அதே காட்சியை அந்த அமைதியோடு மனசில் பார்க்கச் சொல்வார். நீங்கள் மயக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பேச்சு கேட்கும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். ஆபரேஷனுக்கு முந்தைய பயம் போன்றவற்றில் இது கைகொடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றபடி பதற்றத்துக்குப் பெரும்பாலும் பேச்சு சிகிச்சையோடு சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே சிட்டிங்கில் எல்லாம் பறந்துபோகும் என்று எவராவது சொன்னால் நம்பாதீங்க. அவர் மெஸ்மர் கட்சி. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் இதைச் செய்யவும் கூடாது.

எங்க ஆயாவின் வேப்பிலைக்கு வருகிறேன். அந்த ராத்திரி நான் தூங்கியது வேப்பிலையில் இருந்த சக்தியாலா? ஆயா மேல் எனக்கு இருந்த நம்பிக்கையால். அந்தக் குரலால். சின்ன வயசில் இருந்து கேட்ட பேச்சால். லிஸ்பன் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அப்பா செய்ததும் எங்க ஆயா செய்ததும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஆயா ஒவ்வொரு செமினாருக்கும் கூட வர முடியாதே. அதனால் நான் ஒரு சின்ன வேலை செய்ய ஆரம்பித்தேன். கண்டாச்சிபுரத்தில் பஸ் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் பத்து நிமிஷம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். மூச்சை மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. இருபதில் இருந்து பின்னோக்கி எண்ணுவேன். பிறகு கிளாஸ் ரூமை மனசில் கொண்டு வருவேன். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் எங்க கொல்லையில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி. ஒவ்வொன்றாக ஆய்ந்து போடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்ப்பேன். தமிழில்தான். இங்கிலீஷ் அப்புறம் தானாக வரும்.

முதல் தடவையே ஒன்றும் நடக்கவில்லை. ரெண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் வருஷம் மினி புராஜெக்ட் ரிவ்யூவில் கை நடுங்கியது, ஆனால் வாய் நிற்கவில்லை. எனக்கு அது போதும்.

உங்களுக்கு இதற்கு மேல் இருந்தால், அதாவது வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சுப் படபடப்பு அடிக்கடி வருகிறது, உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உதவி கேளுங்கள். முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். வசியம் செய்கிறேன், மாந்திரீகம் செய்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போய் வீட்டுக் காசைக் கொட்டாதீங்க. தன்னிடம் சக்தி இருக்கிறது என்று சொல்பவரைக் கண்டால், தன்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி நஷ்டப்பட்ட அந்தப் பாதிரியாரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த கோவா குரூப்பை டெலீட் பண்ணிடாதீங்க. என்றைக்காவது போனால், பனாஜியில் அந்தச் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்க. நான் இன்னும் போகவில்லை!